நான்காவது துண்டு

செந்தமிழ்ச்செல்வியோடு நான் ஒன்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டு வருகிறேன். பாதிச் சண்டை போனில், மீதி நேரில். ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

என் பெயர் தீனதயாளன். கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர். ஒரு பல்லைக் காப்பாற்றி அதற்கு உறை போடுவது என்று வந்தால், பல்லைத் தேய்த்து அச்சு எடுப்பதும் ஒட்டுவதும்தான் என் வேலை. ஊரில் எல்லோரும் கேப் என்று சொல்லும் அந்த உறையைச் செய்வது செல்வி. கச்சிராயபாளையம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் அவருடைய லேப். நான் அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி வாயின் மாதிரியை எடுப்பார். அதன்மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் சூட்டில் இளகிய செராமிக்கை அழுத்தி இறக்குவார். ஆறியதும் கண்ணாடித் தட்டில் மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வராவிட்டால் அந்தக் கேப் என் கிளினிக்குக்கு வராது. நோயாளி நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் வராது.

செல்வியின் சொந்த ஊர் வடக்கனந்தல். அப்பா தனசேகரன் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். செல்வி சென்னையில் படித்துவிட்டு அங்கேயே ஒரு பெரிய லேபில் ஆறு வருடம் இருந்தார். கீறல் இருக்கிறது என்று அவர் ஒதுக்கிவைத்த கேப் ஒன்றை, சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். பேனாவை மூடி வைத்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறியவர். இப்படிப்பட்ட ஆளோடுதான் நான் தொழில் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய லேபில் கதவுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உடைந்து திரும்பி வந்த கேப் ஒவ்வொன்றும் அதற்குள் ஒரு மாத்திரை டப்பாவில் கிடக்கும். டப்பாவுக்குள் ஒரு சீட்டு, அதில் பெயர், தேதி, ஒரே ஒரு வரி. ‘கரும்பு உரித்தார்.’ ‘சோடா மூடி திறந்தார்.’ ‘என் கையிலிருந்து விழுந்தது.’ ஒருமுறை நான் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, சுடுகாட்டையே பொட்டில போட்டு வெச்சிருக்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூடியைச் சாத்தினார்.

செராமிக் எவ்வளவு உறுதி என்று கேட்டால் அவரிடமிருந்து நேராகப் பதில் வராது. “எடம் குடுத்தா ஸ்ட்ராங்குங்க சார்” என்பார். விஷயம் அதுதான். செராமிக் அழுத்தினால் தாங்கும், வளைத்தால் ஒடிந்துவிடும். உலோகம் போல நெளிந்து கொடுக்க அதற்குத் தெரியாது. கடைவாய்ப்பல்லின் தலையை நான் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்துக் கொடுத்தால், அவர் அந்தக் கனத்துக்குக் கேப் செய்வார், அது வருடக்கணக்கில் உழைக்கும். பாதிதான் தேய்த்தேன் என்றால் கேப்பும் பாதிக் கனம்தான். அப்போது அதை அப்பளம் என்றே சொல்லலாம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் பிச்சைமுத்துவுக்கு அப்படிச் செய்தேன்.

பிச்சைமுத்து கரியாலூருக்கு உள்ளே தள்ளி ஒரு மலைக்கிராமத்துக்காரர். அறுபதை நெருங்கும் கூலிக்காரர். தை மாதத்தில் வலது கீழ்க் கடைவாய்ப்பல் வலியோடு வந்தார். வேர் சிகிச்சை செய்து முடித்தேன். “இரும்பு கேப்பே போதுங்க சார்” என்றார். நான் விட்டால்தானே? புதுப் பொருள் வந்திருக்கிறது, பல்லின் நிறத்திலேயே இருக்கும் என்று எடுத்துவிட்டேன். “ஒடையாதுங்களா?” என்று அவர் கேட்டதற்கு, “கல்லையே கடிக்கலாம் பெரியவரே” என்றும் சொன்னேன். சொல்லும்போது வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கூட்டம். பல்லும் குட்டைப் பல். இன்னும் தேய்க்க வேண்டும் என்று கை சொன்னது, போதும் என்று கடிகாரம் சொன்னது. அச்சு எடுத்து அனுப்பினேன். மறுநாள் செல்வி போன் செய்தார்.

“சார், மேல எடமே இல்ல. முக்கா மில்லிகூடத் தேறல. அவர வரச் சொல்லி இன்னும் கொஞ்சம் தேய்ச்சு அச்சு எடுங்க.”

“மலைல இருந்து வர ஆளும்மா. ஒரு நாள் கூலி போவுது அவருக்கு. செஞ்சு குடு.”

“இல்லன்னா உலோகத்துலயே செஞ்சுடறேங்க. அதுக்கு இந்த எடம் போதும்.”

“செராமிக்னு சொல்லிட்டேன். செஞ்சு குடு.”

அந்தப் பக்கம் மாடலைக் கண்ணாடித் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க” என்றார். ஒன்பது வருடத்தில் அவர் எனக்குப் பணிந்தது அந்த ஒரே தடவைதான், அதையும் ஜெயித்ததாக எண்ண முடியாது. கேப் வந்தது, ஒட்டினேன். முறுக்கு, கரும்பு, எலும்பு, வேர்க்கடலை எதுவும் அந்தப் பக்கம் கூடாது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தேன்.

மாசி முடியப்போகும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிச்சைமுத்து மறுபடி வந்தார். மடித்த செய்தித்தாளைப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே கேப் மூன்று துண்டாகக் கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று அப்போது யோசிக்கவில்லை. “எழுதிக் குடுத்தும் இன்னாத்தக் கடிச்சீங்க?” என்று சத்தம் போட்டேன்.

“சோத்துல கல்லு கெடந்துச்சுங்க” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “ஞாயித்துக்கெழம பொழுதோட. கடிச்சதும் பொற ஏறிக்கிச்சுங்க. அதுல இருந்து...”

“சரி, வாயத் தொறங்க.”

அச்சு எடுக்கும்போது இரண்டு தடவை இருமி அச்சைக் கெடுத்தார். அதற்கும் திட்டினேன். “புளித் தூசுங்க சார். மலைல இப்ப புளி சீசன்” என்றார் ஆயம்மாள். அவர் பிச்சைமுத்துவின் மனைவி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர். மூன்றாவது தடவை அச்சு சரியாக வந்தது. தற்காலிகமாக ஒரு மூடியைப் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இருவரும் போய்விட்டார்கள்.

அச்சோடு மூன்று துண்டுகளையும் செல்விக்கு அனுப்பினேன். கூடவே ஒரு சீட்டு: ‘இரண்டு மாசம்கூடத் தாங்கலை. பார்.’ உள்ளே பயம் இருக்கிறவன்தான் இப்படி முந்திக்கொள்வான்.

மூன்று மணிக்கு போன் வந்தது.

“சார், அவரு மூணு துண்டுதானுங்களா குடுத்தாரு?”

“ஆமா. ஏன்?”

“நாலு இருக்கணுங்க.”

“இன்னா, ஜோசியமா?”

“என்கிட்ட பழைய மாடல் இருக்குதுங்க. அதுமேல வெச்சுப் பார்த்தேன். நாக்குப் பக்கம், ஈறு ஓரத்துல ஒரு துண்டு இல்ல. நெல்லு அளவு இருக்கும். ரெண்டு முனையும் கூரு. பல்லுலயே ஒட்டிக்கினு இருந்துச்சுங்களா?”

“இல்ல. பல்லச் சுத்தம் பண்ணித்தான் அச்சு எடுத்தேன். எங்கியாவது துப்பியிருப்பாரு.”

“மூணையும் பொறுக்கிப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்தவரு, இத மட்டும் வுட்டுட்டாருங்களா?”

“முழுங்கியிருப்பாரும்மா. காலைல தன்னால வெளிய போயிருக்கும்.”

“வயித்துக்குப் போயிருந்தா நல்லதுங்க. ஒடையறப்ப இருமுனாரான்னு கேட்டீங்களா?”

நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் செல்வி நேரிலேயே வந்து நின்றார். கையில் அந்தப் பழைய மாடல், பிச்சைமுத்துவின் வாய்க்கு எடுத்தது. அதன் கடைவாய்ப்பல்மேல் மூன்று துண்டுகளையும் மெழுகால் ஒட்டியிருந்தார். கேப் மறுபடி கேப்பாகவே நின்றது, நாக்குப் பக்கத்து ஓட்டையைத் தவிர. அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினேன், பிளேடு போலிருந்தது.

பொற ஏறிக்கிச்சுங்க, அதுல இருந்து. அந்த மனிதர் சொல்ல ஆரம்பித்து நான் வெட்டிவிட்ட பேச்சு அப்போதுதான் காதில் விழுந்தது. காலையில் அவர் இருமிய இருமல் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. தூசுக்கு இருமுகிறவன் இருமித் தீர்த்துவிட்டு ஓய்வான். அவர் ஓயவே இல்லை. மூச்சுக்குழாயில் போன துண்டு எந்த நேரமும் நகரலாம். நகர்ந்து மேலே வந்து குறுக்கே நின்றால், சில நிமிடம்தான் கெடு. நகராமல் கிடந்தால் அங்கேயே சீழ் வைக்கும். இது மாணவனுக்கும் தெரியும். எனக்குச் சொல்ல ஓர் உரக்கடை மாடியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

பிச்சைமுத்து கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன், அதேதான்.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம். “செல்வி, இது வெறும் அலைச்சல்னு ஆச்சுன்னா, இனிமே என் கிளினிக்ல இருந்து ஒரு அச்சுகூட உனக்கு வராது” என்றேன். அவருக்கு வரும் வேலையில் பாதிக்குமேல் என்னுடையது.

“சரிங்க” என்றார் செல்வி. “வண்டிய எடுங்க.”

வடக்கனந்தலைத் தாண்டும்போது செல்வி தன் வீட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் அந்த மாதிரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்த நாலாவது வளைவில் புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சக்கரம் கழற்றி நின்றது. இடைவெளி கார் போகப் போதாது. ஹாரனை அடித்தேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு நிதானமாக நட்டை முறுக்கினார். இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தில் அங்கே ஒரு ஆள் மூச்சு முட்டிச் சாகலாம் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

“நான் அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்” என்றார் செல்வி, எதிரே லாரியைப் பார்த்தபடி.

நான் மறுபடி ஹாரனை அடித்தேன். தப்பை ஒப்புக்கொண்டு சொல்ல வேண்டியவன் நான்தான்.

அவர்கள் ஊருக்குள் கார் நுழையும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஆயம்மாள் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“அவரு எங்கம்மா?”

“பஸ்ஸ வுட்டு எறங்குனதும் மரம் உலுக்கப் பூட்டாருங்க. அதோ, அந்த மரம்.”

காட்டிய பக்கம் பார்த்தேன். பெரிய புளியமரம். முக்கால் உயரத்தில் ஒரு கிளையைக் காலால் உதைத்துக்கொண்டு பிச்சைமுத்து நின்றிருந்தார். உதைத்தார், புளி கொட்டியது. நிறுத்திவிட்டு, கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். மறுபடி உதைத்தார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். செல்வி என் முழங்கையைப் பிடித்தார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

“கூச்சல் போடாதீங்க சார். மெரண்டா மூச்ச இழுப்பாரு. கையும் வுட்டுடும்.”

அவரே மரத்தடிக்குப் போனார். வீட்டு வாசலில் பேசுகிற குரலில், “பெரிப்பா, கொஞ்சம் கீழ வாங்க. மெதுவா வந்தா போதும். அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார். அவசரம் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் நானே கொஞ்சம் நம்பிவிட்டேன். பிச்சைமுத்து இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கவட்டையிலும் நின்று இருமினார். கடைசிக் கிளையில் ஒரு கால் வழுக்கியது. ஆயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பிச்சைமுத்துவின் கை பிடிமானத்தை விடவில்லை. இறங்கிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. “நான் வேணும்னு ஒடைக்கலீங்க சார்” என்றார். கும்பிடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நாலைந்து சின்னக் கட்டிகள் மண்ணில் விழுந்தன. வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை. கூழாங்கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாயில் அடக்கி ஊறவைத்து, மணிக்கணக்கில் கடித்துக்கொண்டே புளி தட்டுவார்கள்.

“கல்லு இல்லீங்க” என்றார் மெதுவாக. “இதுதான். நீங்க சத்தம் போட்டீங்க, பயந்துட்டு மாத்திச் சொல்லிட்டேன். ஆனா நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல இது இல்லீங்க. பேரன வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இது திங்கற பொருள் இல்லீங்களே, வேல செய்யறப்ப சும்மா வாயில போட்டுக்கறது. கல்லையே கடிக்கலாம்னும் சொன்னீங்க.”

மலையில் எல்லார் வாயிலும் இருக்கிற பொருள். இந்த மண்ணிலேயே தொழில் பார்க்கிற எனக்கு அதைச் சீட்டில் எழுதத் தோன்றவில்லை.

“உங்கமேல தப்பு இல்ல பெரிப்பா” என்றார் செல்வி. “கேப்பு மெல்லிசு. தெரிஞ்சுதான் செஞ்சு குடுத்தேன்.”

இடம் கொடுக்காதது சார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லாமல் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிச்சைமுத்து வர மறுத்தார். இருட்டுவதற்குள் இந்த மரத்தை முடித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றார். ஆயம்மாள்தான் குறுக்கிட்டார். “ரெண்டு ராவா மல்லாக்கப் படுக்கல சார். குந்திக்கினேதான் தூங்கறாரு. மூச்சு வுட்டா கொழலு ஊதற மாரி சத்தம் வருது.”

செல்வி என்னைப் பார்த்தார். “காது வெச்சுக் கேளுங்க சார்.”

பிச்சைமுத்துவின் சட்டையைத் தூக்கி, வியர்த்த முதுகில் காதை வைத்தேன். உடம்பு சுட்டது. இடது பக்கம் காற்று தாராளமாக வந்து போனது. வலது பக்கம் கீழே மெல்லிய விசில். கண்ணாடித் தட்டில் கீறல் விழுந்த கேப்பைத் தட்டினால் செல்வியின் முகம் எப்படி மாறுமோ, என் முகம் அப்படி மாறியிருக்க வேண்டும். ஆயம்மாள் அதைப் பார்த்துவிட்டார். கணவரின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

இறங்கும்போது ஏழாவது வளைவில் அது நடந்தது. முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து இருமத் தொடங்கினார். இருமல் பாதியில் நின்றது. நிற்கவில்லை, அடைத்துக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கண் பிதுங்கியது. காரை ஓரம் கட்டி, அவரை முன்னுக்குச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அறைந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான்கு. ஆயம்மாள் பின்னாலிருந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, “யோவ், மூச்சு வுடுய்யா, மூச்சு வுடுய்யா” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது அறையில் உள்ளே ஏதோ விலகியது. நீளமாக ஒரு இழுப்பு. பிறகு விசில். அந்த விசிலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். பணியில் இருந்த டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டுக் கூர்ந்து பார்த்தார். “கீழ சளி கட்டியிருக்கு சார். வேற பொருள் எதுவும் தெரியலையே. காசு, ஊக்கு முழுங்கினா பளிச்சுனு தெரியும். மருந்து குடுத்து ரெண்டு நாள் பார்ப்போமா?”

நான் குழம்பினேன். ஒருவேளை வெறும் சளிதானோ? வளைவில் பார்த்ததும் சளிதானோ? இல்லாத துண்டைத் தேடி ஒரு மனிதரை மரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்துவிட்டோமோ?

கதவோரம் நின்ற செல்வி உள்ளே வந்தார். “மேடம், இது காசு மாரி தெரியாதுங்க. உலோகமே இல்லாத பொருளு” என்றார். மாதிரியிலிருந்து மூன்று துண்டுகளையும் சின்னக் கத்தியால் நெம்பி எடுத்தார். “இந்த மூணையும் அவரு தோள்மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டி, இன்னொரு படம் எடுத்துப் பாருங்க. இது எப்படித் தெரியுதுன்னு தெரிஞ்சா, எதத் தேடணும்னு தெரிஞ்சுடும்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தோளில் மூன்று துண்டுகளோடு பிச்சைமுத்து மறுபடி பலகைக்கு முன்னால் நின்றார். கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லி எடுத்தார்கள்.

படம் வந்தது. தோளில் மூன்று புள்ளிகள், எலும்பைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பு. தனியாகப் பார்த்தால் விலா எலும்பின் ஓரம் என்று விட்டுவிடத் தோன்றும். டாக்டரம்மா பேனா முனையை அந்த மூன்றின்மேலும் வைத்தார். பிறகு அதே வெளுப்பைத் தேடி மெல்லக் கீழே இறங்கினார். வலது நுரையீரலின் அடியில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே பேனா நின்றது. ஒரு நெல். இரண்டு முனையும் கூர்.

செல்வி சுவரில் சாய்ந்துகொண்டார்.

உடனே ஆம்புலன்சில் சேலத்துக்கு அனுப்பினோம், நானும் கூடவே போனேன். காலையில் மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். சுற்றிலும் சதை வீங்கிப் புண்ணாகியிருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நுரையீரலின் அந்தப் பகுதியையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்கள். மயக்கம் தெளிந்த பிச்சைமுத்து முதலில் கேட்டது, “அந்த மரத்த யாரு உலுக்கறாங்க?”

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன். பல்லைப் போதுமான அளவு தேய்க்காதது நான், செல்வி வேண்டாம் என்று சொல்லியும் செய்யச் சொன்னது நான், நீங்கள் புரையேறியது என்று சொன்னபோது காது கொடுக்காததும் நான் என்று. “அப்ப அந்தப் பொண்ணு ஏன் தன்மேலயே போட்டுக்கிச்சு?” என்று கேட்டார்.

சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்த அந்தத் துண்டை நான் நேராக உரக்கடை மாடிக்குத்தான் கொண்டுபோனேன். செல்வி மூன்று துண்டுகளையும் மாதிரியில் வைத்து, நான்காவதை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் பொருத்தினார். மயிரிழைகூட இடைவெளி இல்லை. பிறகு எல்லாவற்றையும் பிரித்து, தலைப்பக்கத்துத் துண்டைக் கனம் பார்க்கும் அளவுக்கருவியில் வைத்தார். முள் முக்கால் மில்லிக்குக் கீழே நின்றது. அதை எனக்குக் காட்டவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன்.

நான்கையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, சீட்டு எழுதினார். ‘புளியங்கொட்டை’ என்று எழுதுவார் என்று நினைத்தேன். பெயர், தேதி, அதற்குக் கீழே: ‘இடம் இல்லை என்று தெரிந்தும் செய்தேன்.’

“பேனாவக் குடும்மா” என்றேன். “அதுல என் பேரையும் எழுதணும்.”

செல்வி டப்பாவை மூடினார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “இது என் பொட்டிங்க சார். இதுல நான் பண்ணது மட்டும்தான் இருக்கும். உங்களது உங்க ரூம்லதாங்க இருக்கணும்.”

வைகாசியில் புண் முழுக்க ஆறி பிச்சைமுத்து வந்தார். பல்லைத் தேய்க்க அந்த ஒருவருக்கே காலை முழுவதும் ஒதுக்கினேன். உலோகக் கேப். புளியங்கொட்டையை மட்டும் இடது பக்கம் கடித்துக்கொள்ளச் சொன்னேன், விடச் சொன்னால் விடமாட்டார் என்று தெரியும்.

என் மேசையின் கீழ் இழுப்பறையில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. செல்வி அப்படிச் சொன்ன மறுநாளே வாங்கினேன். அதற்குள் துண்டு எதுவும் இல்லை, சீட்டுகள்தான். முதல் சீட்டில் பிச்சைமுத்துவின் பெயர், தேதி, ஒரு வரி: ‘புரையேறியது என்று சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னேன்.’